ஆம்பளப் பூனைக்கு மூத்திர அடைப்பு: காவேரிப்பட்டணத்துல இருந்து ஓசூர் வரைக்கும்

மண்ணு டப்பால போய் உக்காருது, முக்குது, கத்துது, ஒன்னும் வரல, இறங்கி வந்து பின்னாடி நக்குது, திரும்ப ஏறுது. எங்க மணி அன்னிக்கு சாயங்காலம் பூரா இதேதான். அம்மா மலச்சிக்கல்னு சொல்லி விளக்கெண்ணெய் எடுத்துட்டு வந்துட்டாங்க, பக்கத்து வீட்டு அக்கா கால் பாரசிட்டமால் குடுத்துப் பாரேன்னாங்க, அது பூனைக்கு விஷம்க்கா, அந்த மருந்த முறிக்கிற தெம்பு பூனை ஈரலுக்கு கிடையாதுன்னு சொல்லி மாத்திரைய வாங்கி உள்ள வச்சிட்டேன்.

இங்க பெரும்பாலும் மாடு ஆடு பாக்கற டாக்டருங்கதான், ஆனா எங்களுக்கு வாய்ச்சவர் கைகாரர். அடிவயித்த அமுக்கின உடனே "மலம் இல்லம்மா, மூத்திரப்பை கல்லாட்டம் இருக்கு, அடைச்சிக்கிச்சு"ன்னுட்டார். காலைல பாத்துக்கலாமா சார்னு கேட்டேன். "கூடாதும்மா, மூத்திரம் போகலன்னா ரத்தத்துல பொட்டாசியம் ஏறும், அது நேரா இதயத்த அடிக்கும், ரெண்டு நாள் கூட தாங்காது. பூனைக்குப் போடற மெல்லிசு ட்யூப் எங்கிட்ட இல்ல, ஓசூர் கிளம்புங்க." அங்க ஆள் இருக்காங்களான்னு அவரே போன் போட்டும் கேட்டார்.

மாங்கா கிரேட்ல துண்டு விரிச்சு மணிய வச்சு மேல இன்னொரு கிரேட கவுத்து கட்டிட்டு காருக்கு சொல்லி கிளம்பினோம், கிருஷ்ணகிரி டோல்கேட்ல லாரி கூட்டம் வேற, சூளகிரி தாண்டறதுக்குள்ள அது கத்தறதையே நிறுத்திருச்சு, அதுதான் ரொம்ப பயம்.

ஓசூர்ல முதல்ல ரத்தம் எடுத்தாங்க, கிரியாட்டினின், அதாவது கிட்னி வெளிய தள்ள வேண்டிய கழிவு, எகிறி இருந்துச்சு. அப்புறம் மயக்கம் குடுத்து ட்யூப் விட்டு சலைன் அடிச்சு அடைப்ப தள்ளினாங்க, வந்தது ரத்தம் கலந்த மூத்திரம். கல்லு இல்லயாம், சளியும் பொடிப்பொடியா கிரிஸ்டலும் சேர்ந்த அடைப்பு. ஆம்பளப் பூனைக்கு அந்தக் குழாய் நீளம், நுனில ரொம்ப குறுகல், அதான் இவனுங்களுக்கே இது வருது, பொட்டைக்கு அபூர்வம். ட்யூப உடனே எடுக்கல, அட்மிட் பண்ணி ட்ரிப்ஸ் ஏத்தினாங்க, ஏன்னா அடைப்பு விட்டதும் மூத்திரம் கொட்டுகொட்டுன்னு போய் உடம்பு வறண்டுருமாம். செலவு ஒரு நல்ல கிடா விலை. அப்பா இன்னும் அத சொல்லிக் காட்டறார், ஆனா ராத்திரி மணி பக்கத்துல தரைலயே படுத்திருந்ததும் அவர்தான்.

வீட்டுக்கு வந்தப்புறம் நக்காம இருக்க கழுத்துல மாட்டிவிட்ட காலரோட ஒரே மோதல், அத விடுங்க. முக்கியமானது தண்ணி. முன்னாடி வெறும் ட்ரை ஃபுட், இப்ப டாக்டர் எழுதிக் குடுத்த யூரினரி உணவு, தண்ணி ஊத்தி ஊறவச்சு. கோழி வேகவச்ச தண்ணியும் கொஞ்சம், உப்பு வெங்காயம் பூண்டு எதுவும் இல்லாம. வீட்ல மூணு எடத்துல கிண்ணம்.

திரும்ப வர வாய்ப்பு அதிகம்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டார், அதனால தெனமும் காலைல டப்பா மண்ணுல மூத்திரம் பட்டு எத்தன கட்டி, என்ன சைஸ்னு பாப்பேன். சின்னச் சின்னதா நெறைய இருந்தா அன்னிக்கே போன். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆம்பளப் பூனை வச்சிருக்கறவங்க பூனைக்கு ட்யூப் போடறவங்க யாரு, ராத்திரில எடுப்பாங்களான்னு இப்பவே விசாரிச்சு நம்பர் வாங்கி வச்சுக்கங்க.