வியர்க்கிறது என்றார்கள்

கட்டபெட்டுக்கு அருகே பஞ்சரான கார் டயரைக் கழற்றியபோதுதான் எங்கள் கோத்தகிரி மெக்கானிக் தம்பி அதைக் கவனித்தார். “அக்கா, பின் இடது ஷாக் அப்சார்பர் ஈரமாக இருக்கிறது.”

நவம்பர் மாத நீலகிரியில் ஈரமில்லாத பொருள் எது? வீட்டில் துவைத்த துணி நான்கு நாளாகக் கொடியிலேயே கிடக்கிறது. அதையே சொன்னேன். அவர் பதில் பேசாமல் பழைய செய்தித்தாளைக் கிழித்து அந்தக் குழாயின் மேல் ஒற்றி, டார்ச் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வடை பொட்டலம் கட்டிய காகிதம்போல அந்த இடம் மட்டும் ஊடுருவித் தெரிந்தது. தண்ணீர் காய்ந்துவிடும், ஆயில் காயாது.

ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் ஆயிலைப் பிஸ்டன் சிறு துளைகள் வழியாகத் தள்ளும்போது எழும் தடைதான் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. தண்டைச் சுற்றியுள்ள சீல் கெட்டால் ஆயில் வெளியேறிவிடும், துள்ளல் அடங்காது. சமவெளியில் இது முதுகுவலியோடு போகலாம். ஈரச் சாலையில், வளைவில், பிரேக்கை மிதிக்கிற நேரத்தில் டயர் தரையை விட்டு எழும்பினால் முதுகுவலியோடு போகாது.

மூன்று ஆண்டு வாரண்டி முடிய 19 நாள் இருந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டர் கோயம்புத்தூரில். மேட்டுப்பாளையம் வழியாகச் சுமார் 70 கிலோமீட்டர்.

முதல் தடவை போனபோது ஒரு தவறு செய்தேன். சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். வண்டியைச் சோதிக்கும் முன்பே வாட்டர் வாஷ் செய்துவிட்டார்கள்! வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்லமாட்டேன். அங்கே வழக்கம் அப்படி. ஆனால் மூன்று மாத அழுக்கோடு என் சாட்சியமும் சாக்கடைக்குப் போய்விட்டது. லிஃப்டில் ஏற்றிப் பார்த்த ஆலோசகர், “லேசாக வியர்த்திருக்கிறது மேடம், நார்மல்தான். மலையில் ஓட்டினால் இப்படித்தான்” என்றார். “விற்கும்போது மலைக்கு ஏற்ற வண்டி என்றுதானே சொன்னீர்கள்?” என்று கேட்டேன். “சார் வரவில்லையா?” என்று அவர் திருப்பிக் கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

அவர் முழுக்க முழுக்கத் தவறாகவும் பேசவில்லை. சீல் வழியாகத் தண்டோடு மெல்லிய ஆயில் படலம் வெளியே வருவது இயல்புதான். என் வாரண்டிப் புத்தகத்திலும் இயக்கத்தைப் பாதிக்காத சிறு கசிவுக்கு வாரண்டி இல்லை என்றே அச்சிட்டிருந்தது. கிளட்ச் தட்டு, பிரேக் பேட், வைப்பர் பிளேடு எல்லாம் தேய்மானப் பட்டியலில் இருந்தன. ஷாக் அப்சார்பர் அதில் இல்லை. ஆக, வழக்கு முழுவதும் அந்த ‘இயக்கத்தைப் பாதிக்காத’ என்ற சொல்லில்தான் நின்றது.

அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் ஜாப் கார்டை, அதாவது வண்டியின் புகாரையும் செய்யவேண்டிய வேலையையும் சர்வீஸ் சென்டரில் எழுதும் சீட்டை, படித்ததுதான். ‘பொதுச் சோதனை’ என்று எழுதியிருந்தார். அடித்துவிட்டு, ‘பின் இடது ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிவு என வாடிக்கையாளர் புகார்’ என்று எழுதச் சொன்னேன். கிலோமீட்டரும் தேதியும் போட்டு நகல் வாங்கும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை.

ஊருக்கு வந்ததும் தம்பி அந்தக் குழாயை நன்றாகத் துடைத்துவிட்டார். நான்கு நாள் வழக்கம்போல ஓட்டினேன். ஐந்தாம் நாள் குனிந்து பார்த்தால் மேலிருந்து கீழ்வரை பளபளவென்று ஓடியிருந்தது, அடிப்பக்கம் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. படம் எடுத்தேன். கழற்றிய டயரையும் எடுத்தேன்: கையால் தடவினால் மேடும் பள்ளமுமாகத் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தது. வலது பக்க டயரில் அப்படி இல்லை. ஜாப் கார்டு எண்ணைக் குறிப்பிட்டு எல்லாவற்றையும் கம்பெனிக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் தாளில் குறித்து வைத்திருந்தேன். அதற்கு வேலை வரவில்லை.

இரண்டாம் முறை வாசலிலேயே காவலாளியிடம், “கழுவக் கூடாது” என்றேன். இந்தத் தடவை ஒர்க்ஷாப் மேலாளரே வந்தார். வண்டியின் பின்பக்கத்தை ஒவ்வொரு மூலையாக அழுத்தி விட்டார். வலது மூலை ஒருமுறை எழுந்து அடங்கியது. இடது மூலை தொட்டில்போல ஆடிக்கொண்டே இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பேனாவை எடுத்தார்.

உதிரி வர 16 நாள் ஆனது. அதற்குள் வாரண்டி முடிந்துவிட்டது. மாற்றிவிட்டு வெளியே வந்தால், கணினி வாரண்டி இல்லை என்கிறது என்று கவுண்டரில் முழுத் தொகைக்குப் பில் நீட்டினார்கள். நான் முதல் ஜாப் கார்டை மேஜையில் வைத்தேன். புகார் பதிவான தேதிதான் கணக்கு என்று ஒத்துக்கொள்ள அரை மணி நேரமும் இரண்டு தொலைபேசி அழைப்பும் தேவைப்பட்டன. பில் பூஜ்யமானது.

பழைய ஷாக் அப்சார்பர் கம்பெனிக்குச் சொந்தம் என்பதால் தரமாட்டார்கள். ஆனால் கையில் வாங்கிப் பார்க்க விட்டார்கள். தண்டை அழுத்தினேன். பாதித்தூரம்வரை எந்த எதிர்ப்பும் இல்லாமல் உள்ளே போனது.

இடது, வலது இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தார். வாரண்டியில் பழுதானதை மட்டும்தான் மாற்றுவார்கள் என்றார் ஆலோசகர். எனக்குத் தம்பி பேச்சில்தான் நம்பிக்கை. வலது பக்கத்தை அடுத்த மாதம் என் காசில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கிளம்பும்போது ஒரு சந்தேகம் கேட்டேன். “புதிதாகப் போட்டதற்கு எவ்வளவு நாள் வாரண்டி?”

“வண்டியின் வாரண்டி எதுவரையோ அதுவரைதான் மேடம்.”

“அதுதான் போன வாரமே முடிந்துவிட்டதே?”

“ஆமாம் மேடம்” என்றார், சிரிக்காமல்.