பின்தங்கி வந்த அலை

திரையில் ஒரு வளைகோடு. இன்று காலையிலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

2001இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பதிவான ரேடியோ வெடிப்பு அது; தொலைதூர கேலக்ஸியிலிருந்து, அதாவது விண்மீன் கூட்டத்திலிருந்து, வந்த ரேடியோ அலைகளின் திடீர்ப் பாய்ச்சல். சில மில்லிவினாடிகள்தான். பழைய தரவுக்குள் கிடந்து, 2007இல் வெளியே வந்தது.

அந்த வளைவைக் கவனியுங்கள். அதிர்வெண் கூடிய அலைகள் முதலில் வந்துவிட்டன. குறைந்தவை பின்தங்கி வந்தன.

எல்லாம் ஒன்றாகக் கிளம்பியவைதான்.

வழியில் எலக்ட்ரான்கள் இருந்தன. கேலக்ஸிகளுக்கு நடுவே, வெறுமை என்று நாம் நினைக்கும் இடத்தில், மிக மெல்லிய வாயு பரவியிருக்கிறது. நேரடியாகப் பார்ப்பது மிகக் கடினம். ஆனால் கடந்து போகும் அலையைக் கொஞ்சம் தாமதப்படுத்தி அனுப்புகிறது. தாமதத்தை அளந்தால் வழியிலிருந்த எலக்ட்ரான்களின் கணக்கு கிடைத்துவிடும்!

பிரபஞ்சத்தின் சாதாரணப் பொருளில், அதாவது அணுக்களால் ஆன பொருளில், பெரும்பங்கு நெடுங்காலம் கணக்கில் வராமலே இருந்தது. 2020 மே மாதம் ஜான்-பியர் மக்குவார்ட் குழு, புறப்பட்ட கேலக்ஸி தெரிந்த ஒருசில வெடிப்புகளின் தாமதத்தை மட்டும் வைத்து, அது அந்த மெல்லிய வாயுவில் இருப்பதைக் கண்டுபிடித்தது. அடுத்த மாதமே அவர் இறந்துபோனார். தொலைவுக்கும் இந்தத் தாமதத்துக்கும் உள்ள தொடர்பு இன்று அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. இதை எத்தனை முறை படித்தாலும் மனது கனத்துவிடுகிறது.

அப்புறம், கனடாவின் சைம் தொலைநோக்கி 2021இல் வெளியிட்ட முதல் பட்டியலிலேயே 500க்கும் மேற்பட்ட வெடிப்புகள். பெரும்பாலானவை வெவ்வேறு திசைகளிலிருந்து வந்தவை. கேலக்ஸிகளை இணைக்கும் அடர்ந்த வாயு இழைகளைக் கடந்து வந்தது கூடுதலாகத் தாமதித்திருக்கும், வெற்றுப் பரப்பு வழியே வந்தது குறைவாக.

திரையில் இருப்பது அப்படிப்பட்ட ஒரே ஒரு வழி.