பொலிசுக்குக் கடிதம் குடுத்தா பணிஞ்சு போறது இல்ல

வந்தாறுமூலை கம்பஸ்ல, அதாவது கிழக்குப் பல்கலைக்கழகத்துல படிக்கிற தம்பிமார் சிலபேர் கேட்டாங்க, "அண்ணே, ஊர்வலம் போறதுக்கு எதுக்கு பொலிசிட்ட சொல்லணும், பேச்சுச் சுதந்திரம் இருக்குதானே" எண்டு. இருக்கு. இலங்கை அரசியலமைப்பு 14வது உறுப்புரைல பேச்சும் இருக்கு, அமைதியா ஒண்டுகூடுறதும் இருக்கு. ஆனா ரோட்டுல ஊர்வலமா இறங்குறதெண்டா பொலிஸ் கட்டளைச் சட்டம் 77ம் பிரிவுப்படி 6 மணித்தியாலத்துக்கு முந்தியே கிட்டக் கிடக்கிற பொலிஸ் ஸ்டேஷன் ஓஐசிக்கு (பொறுப்பதிகாரிக்கு) எழுத்துல அறிவிக்கணும். அறிவிக்கிறதுதான், அனுமதி கேக்கிறது இல்ல. ஏஎஸ்பி (உதவிப் பொலிஸ் அத்தியட்சகர்) பதவிக்குக் குறையாத பொலிஸ் அதிகாரி பொது ஒழுங்கக் காட்டி நிபந்தனை போடலாம், தடுக்கவும் செய்யலாம், அதாலதான் சொல்றன் கடிதத்துல ரெண்டு கொப்பி எடுத்து ஒண்டுல சீல் அடிச்சு வாங்கி வைங்க, மறுகா கோர்ட்டுக்குப் போனா அந்தத் தாள்தான் பேசும்.

சத்தம் போட்டாலும் குத்தமெண்டு பயப்பட வேணாம். 1992ல ஜனகோஷ எண்டு மேளம் அடிச்சு அரசாங்கத்த எதிர்த்தவங்கள பொலிஸ் தடுத்தது, அடுத்த வருசம் உயர் நீதிமன்றம் அந்தச் சத்தமும் பேச்சுச் சுதந்திரத்துக்குள்ளதான் வருது எண்டு தீர்ப்புச் சொல்லிச்சு.

எனக்கு இதவிடப் பெரிய கவலை சுலோகம். 15வது உறுப்புரை இன, மத ஒற்றுமைக்காக பேச்சுச் சுதந்திரத்துக்கு சட்டத்தால எல்லை போடலாம் எண்டு சொல்லுது. சட்டத்த விடுங்க, நம்மட கிழக்குல தமிழ், முஸ்லிம், சிங்களப் பொடியனுகள் ஒரே கன்டீன்ல சாப்பிடுறாங்க, கோவத்துல எழுதின ஒரு வரி பதாகைல ஏறினா ஹொஸ்டல் பிரச்சினைக்காகத் தொடங்கின போராட்டம் இனப் பிரச்சினையா மாறிடும், அதுக்குப் பிறகு நிர்வாகம் ஒரு பதிலும் சொல்லத் தேவையே இல்ல. பதாகை எழுத முந்தி மற்றச் சமூகத்து நண்பன் ஒருத்தன் வாசிக்கட்டும். 2021 பெப்ரவரில பொத்துவில்ல தொடங்கி பொலிகண்டி வரைக்கும் போன நடைல தமிழாக்களும் முஸ்லிமாக்களும் ஒண்டா நடந்தாங்க, கொரோனால மௌத்தான முஸ்லிமாக்கள்ட ஜனாஸாக்கள (உடல்கள) எரிச்சதும் காணிப் பிரச்சினையும் ஒரே ஊர்வலத்துல பேசப்பட்டுச்சு. ஒருத்தர்ட வலிய மற்றவரும் தூக்கினதாலதான் அதுக்கு அவ்வளவு பலம் வந்திச்சு.

இன்னொண்டு, யூனியன் ஆக்கள் கேளுங்க. ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைகள வெருட்டிக் கூட்டிட்டுப் போறது, வராதவங்கட பேர எழுதி வைக்கிறது, இதெல்லாம் நிப்பாட்டணும். வர விருப்பமில்ல எண்டு சொல்றதும் அந்தப் பிள்ளைட கருத்துதான். ஊர்வலத்துக்கு முந்தி பொதுக்கூட்டம் வைங்க, எதிர்த்துப் பேசுறவங்களுக்கும் மைக்கக் குடுங்க, கூச்சல் போட்டு இருத்தாம முழுசாக் கேளுங்க, பிறகு கைதூக்கி முடிவெடுங்க. ஆக்கள் குறைஞ்சாலும் பரவால்ல, நம்பி வாறவங்களோட போங்க.