சிவப்புச் சட்டைக்காரன்

பிப்ரவரி 3, திங்கள்

'செமாண்டிக் எரர்' பார்க்கத் தொடங்கினேன். இணைய நாவல் ஒன்றிலிருந்து எடுத்து, 2022இல் வாட்சா என்னும் கொரிய ஓடிடி தளத்தில் வெளியிட்ட, இரண்டு இளைஞர்களின் காதலைச் சொல்லும் தொடர். மொத்தம் 8 எபிசோடுகள். ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. வழக்கமான கொரியத் தொடரில் கதாநாயகன் குடை விரிப்பதற்குள் இங்கே பாதிக் கதை ஓடிவிடும்.

சூ சாங்வூ கணினி அறிவியல் மாணவன். குழுவாகச் செய்யவேண்டிய ஒப்படைப்பில் மற்றவர்கள் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை. தனியாகவே முடித்து, அவர்கள் பெயர்களை நீக்கிவிடுகிறான். அதில் ஒரு பெயர் ஜாங் ஜேயங், வடிவமைப்புத் துறை சீனியர். அந்த ஒரு பாடத்தால் அவனுடைய பட்டம் தள்ளிப்போகிறது, வெளிநாட்டுப் படிப்பும் தடைப்படுகிறது. ஓசியில் மதிப்பெண் வாங்கியவர்களைப் பார்த்துப் பொருமிய எவரும் சாங்வூ பக்கம்தான் நிற்பார்கள். நானும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஜேயங் பழிவாங்கும் விதம் பிரமாதம். சாங்வூவுக்குச் சிவப்பு நிறமே ஆகாது என்று தெரிந்ததும் சிவப்பிலேயே வந்து நிற்கிறான். வகுப்பில் அவன் வழக்கமாக உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறான். தானியங்கி இயந்திரத்தில் அவன் தினமும் எடுக்கும் காப்பி டின்களையெல்லாம் வாங்கித் தீர்த்துவிடுகிறான்.

இயக்குநர் கிம் சூஜங்கின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான். ஒருவனைச் சரியாக வெறுப்பேற்ற வேண்டுமானால் அவன் எங்கே உட்காருவான், என்ன குடிப்பான், எதைக் கண்டால் முகம் சுளிப்பான் என்றெல்லாம் கவனித்திருக்க வேண்டும். காதலிப்பவனும் அதைத்தான் செய்கிறான். ஆகவே கோபம் எந்த இடத்தில் காதலானது என்று காட்டத் தனிக் காட்சி தேவைப்படவில்லை. நேரம் குறைவான தொடருக்கு இது பெரிய மிச்சம்.

ஆனாலும் ஒரு நெருடல். சாங்வூவின் இடத்தில் ஒரு பெண் இருந்திருந்தால் இதையெல்லாம் பார்த்து இப்படிச் சிரித்திருப்பேனா? தொல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

இந்தக் கல்லூரி வளாகத்தில் யாருக்கும் அதிர்ச்சியே இல்லை. நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள், அவ்வளவுதான். வீட்டார் கதைக்குள் குறுக்கிடுவதே இல்லை. சாங்வூ தடுமாறுவதும் ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தால் அல்ல. அவன் போட்டுவைத்த அட்டவணையில் இப்படியொரு உணர்ச்சிக்குக் கட்டமே இல்லை என்பதால்தான். பார்க்கச் சுகமாக இருக்கிறது. சுகமாக இருப்பதுதான் உறுத்துகிறது.

நேரம் போதவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. 2020இல் ஹ்வாங் தாசல் இயக்கிய 'வேர் யுவர் ஐஸ் லிங்கர்' கொரியாவின் முதல் பி.எல். (பாய்ஸ் லவ், அதாவது ஆண்களுக்கிடையிலான காதலைச் சொல்லும்) தொடர் என்று சொல்லப்படுவது. அதிலும் 8 எபிசோடுகள்தான், ஒவ்வொன்றும் பத்து நிமிடச் சொச்சம். பெரும் பணக்கார வீட்டுப் பையன் தேஜூ, அவனைக் காப்பதற்காகவே கூட வளர்ந்த காங் குக். அந்தப் பத்து நிமிடத்துக்குள் பிள்ளையின் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்கும் ஒரு தகப்பனுக்கும் இடம் இருந்தது. சம்பளத்துக்குக் காவல் நிற்பவன் எஜமானின் மகனை நேசிக்கலாமா என்ற கேள்விக்கும் இடம் இருந்தது. 'செமாண்டிக் எரர்' வெளியுலகத்தைத் தெரிந்தே வாசலில் நிறுத்தியிருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

முடித்துவிட்டேன். கடைசி எபிசோட் வெளியானது 2022 மார்ச் 10. ஜேயங்காக நடித்த பார்க் சோஹாம் கொரிய ஆண்களுக்கான கட்டாய ராணுவக் கடமையை நிறைவேற்றப் போனதும் அதே நாள். கொரிய ராணுவக் குற்றச் சட்டத்தின் 92-6ஆம் பிரிவு ஆண்களுக்கிடையிலான உறவுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. பணி நேரத்துக்கு வெளியே, இருவர் சம்மதத்தோடு நடப்பதற்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. பிரிவு மட்டும் சட்டப் புத்தகத்திலிருந்து போகவில்லை. 2024 ஜூலையில் ஒருபால் இணையருக்கு மருத்துவக் காப்பீட்டில் சார்ந்திருப்போர் உரிமை கிடைத்தது. திருமணத்துக்கு இன்னும் அங்கீகாரம் இல்லை.

இப்படியொரு நாட்டில் வாழும் கொரியர்கள்தான் இந்தத் தொடரைக் கொண்டாடி, 2022 ஆகஸ்டில் திரைப்படமாகத் தொகுத்துத் திரையரங்கிலும் ஓட்டினார்கள். வெள்ளிக்கிழமை எழுதியதை அடிக்கவில்லை. ஆனால் வெளியே இவ்வளவு இருக்கும்போது, கதவைச் சாத்திக்கொண்டு இருவரைச் சண்டை போடவும் சமாதானமாகவும் விட்டதைப் பெரிய குற்றமாகச் சொல்ல இன்று மனம் வரவில்லை.

அக்கா மகள் எதை முதலில் பார்ப்பது என்று கேட்டாள். இதை முதலில் பார், தேஜூவின் அப்பாவை அப்புறம் சந்தி என்று சொல்லியிருக்கிறேன்.