"கொத்தனார்னு போடுங்க"

"எனக்குப் பூச்சு வேலை வரும் அண்ணே. கொத்தனார்னே போடுங்க."

கட்டடத் தொழிலாளர் நலவாரியப் பதிவுக்கு விண்ணப்பம் நிரப்பும்போது அந்த அக்கா சொன்னார். நான் நிமிர்ந்து பார்த்து, "எந்த மேஸ்திரி உங்களுக்குக் கொத்தனார் கூலி குடுத்தாரு?" என்று கேட்டேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் சித்தாள் என்று நிரப்பினேன், அவர் கையெழுத்துப் போட்டார். நடந்தது இவ்வளவுதான். சங்க அலுவலகத்தில் எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், யாரிடம் என்ன பேசினேன் என்பதுகூட மறந்துபோகும். நான் கேட்ட இந்த ஒரு கேள்வி மட்டும் மறக்கவே மாட்டேன் என்கிறது.

நான் அப்படி எழுதியதற்குக் காரணம் இருந்தது. அப்போது இருந்த 1996 மத்தியக் கட்டடத் தொழிலாளர் சட்டப்படி, பதிவு செய்பவரின் வயது 18-லிருந்து 60-க்குள் இருக்க வேண்டும், முந்தைய 12 மாதத்தில் 90 நாளாவது கட்டட வேலை செய்திருக்க வேண்டும். கொத்தனார் என்று எழுதி, விசாரிக்க வருபவர் மேஸ்திரியிடம் கேட்டால் அவர் என்ன சொல்வார்? "அதுவா, அது நம்ம சித்தாளுங்க" என்பார். விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அக்காவின் மகள் அந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். கல்வி உதவித்தொகைக்காகத்தான் அவசரமாகப் பதிவு செய்ய வந்திருந்தார். அப்புறம் இன்னொன்று, வாரியம் தரும் அட்டையில் கொத்தனார் என்று இருந்தாலும் சித்தாள் என்று இருந்தாலும் கல்வி உதவி ஒன்றுதான், மகப்பேறு உதவி ஒன்றுதான், 60 வயதுக்குப் பிறகு வரும் ஓய்வூதியமும் ஒன்றுதான். பத்து பைசா வித்தியாசம் கிடையாது. பிறகு எதற்கு வம்பு என்று நினைத்தேன்.

வித்தியாசமே இல்லையென்றால் கொத்தனார் என்று எழுதுவதில் எனக்கு என்ன கஷ்டம்? என் பக்க நியாயத்தை எங்கிருந்து ஆரம்பித்தாலும் இங்கே வந்துதான் முட்டுகிறது.

அன்று கிளம்பும்போது அக்கா ஜன்னலோரச் சுவரைக் காட்டி, "இந்த மூலை ரெண்டு நூல் வெளிய நிக்குது அண்ணே" என்றார். அவர் போன பிறகு தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். அவர் சொன்ன அளவே வெளியே நின்றது. ரெண்டு நூல் என்றால் கால் அங்குலம். மட்டப்பலகை வைக்காமல், நின்ற இடத்திலிருந்தே அதைக் கண்ணால் பிடித்திருக்கிறார். நானும் கொத்தனாராக இருந்தவன்தான், அதே அறையில் வருடக்கணக்காக உட்கார்ந்திருப்பவன். எனக்குப் படவில்லை. சாந்துச்சட்டி தூக்கினால் மட்டும் அந்தக் கண் வந்துவிடாது.

எனக்கு எப்படி வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். பெரியாளாகத்தான் சேர்ந்தேன். சட்டி தூக்கும் ஆணைப் பெரியாள் என்பார்கள், பெண்ணைச் சித்தாள் என்பார்கள். கொத்தனார் டீ குடிக்கப் போகும்போது கரண்டியைச் சாரத்தின் மேலேயே வைத்துவிட்டுப் போவார். அதை எடுத்துப் பரணுக்கு மேலே, கழிப்பறைக்குள்ளே, யார் கண்ணிலும் படாத சுவரில் கலவையை அடித்துப் பார்ப்பேன். கோணலாக இருந்தால் திட்டுவார், சுரண்டிவிட்டு மறுபடி பூசுவார். ஆனால் கரண்டியைத் தொடாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு அவசர வேலையில் ஆள் பற்றாமல் போனபோது மேஸ்திரி, "நீயும் ஒரு சுவரைப் பிடிடா" என்றார். அவ்வளவுதான், கொத்தனார் ஆகிவிட்டேன். பரீட்சையும் இல்லை, சான்றிதழும் இல்லை. பிறகு வந்து விசாரித்தவர்களிடமெல்லாம் மேஸ்திரியே "கொத்தனார்தாங்க" என்று சொன்னார்.

அதே டீ நேரத்தில் பெண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? மணல் சலித்தார்கள், அடுத்த சுவரை நனைத்தார்கள், பாண்டு கழுவினார்கள். யாராவது கரண்டியைத் தொட்டால், "ஏம்மா, கலவை காயுது, சட்டியை எடு" என்று ஒரு குரல் வரும். இதற்கு எந்த விதியும் எழுதி வைக்கப்படவில்லை. அதனால் எதிர்த்து மனுக் கொடுக்கவும் இடமில்லை.

அந்த அக்காவோடு வேலை செய்த இரண்டு பேரைப் பிறகு விசாரித்தேன். கொத்தனார்கள் வெளிச்சாரத்தில் இருக்கும்போது உள்சுவரும் ஜன்னல் ஓரமும் அக்காவின் கைதானாம். மணியாசுப் பலகை போட்டுத் தேய்த்து முடிப்பதுவரை அவரே செய்வாராம். மேஸ்திரிக்கும் தெரியும். சனிக்கிழமை கையில் வருவது சித்தாள் கூலி.

ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. வருடாவருடம் ஒப்பந்ததாரர்களோடு உட்கார்ந்து நாங்கள் கூலி பேசுகிறோம். கொத்தனாருக்கு இவ்வளவு, பெரியாளுக்கு இவ்வளவு, சித்தாளுக்கு இவ்வளவு. அந்தத் தாளில் ஆண், பெண் என்ற பேச்சே இருக்காது, சட்டப்படி குறை சொல்ல முடியாது. பெரியாளும் சித்தாளும் ஒரே கலவைக் குவியலிலிருந்து அள்ளி அதே சாரத்துக்குத்தான் ஏற்றுகிறார்கள், கூலி மட்டும் இரண்டு. அந்தத் தாளில் சங்கத்தின் சார்பில் கையெழுத்துப் போடுபவர்களில் நானும் ஒருவன். கூலியைக் கொஞ்சமாவது ஏற்றியிருக்கிறோம் என்ற திருப்தியோடுதான் போட்டிருக்கிறேன், அது பொய்த் திருப்தியும் இல்லை.

புதிதாகச் சேருபவர்களுக்கு நடத்தும் வகுப்பில் சங்கம் வந்த கதையைச் சொல்வேன். 1982 உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம், கட்டடத் தொழிலாளருக்கு மத்தியச் சட்டம் கேட்டு 1985-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் அமைந்த தேசியப் பிரச்சாரக் குழு, 1994-இல் தமிழ்நாட்டில் வந்த நலவாரியம், 1996-இல் மத்தியச் சட்டம், கட்டடச் செலவில் ஒரு சதவீதம் வரி. இத்தனை வருடம் எதற்காகப் போராடினார்கள்? கட்டடத் தொழிலாளிக்கு நிரந்தர முதலாளி கிடையாது. இன்று ஒரு இடம், நாளை வேறு இடம். இவர் தொழிலாளி என்று சொல்ல ஒரு ஆள் இல்லை, அந்தச் சாட்சிதான் இந்த அட்டை என்று சொல்வேன். இதைச் சொல்லும்போது எனக்கே உடம்பு சிலிர்க்கும். அந்த அக்காவும் அதே சாட்சியைத்தான் கேட்டிருக்கிறார் என்று இப்போது படுகிறது. அவர் வாயால் அப்படிச் சொல்லவில்லை, நானாகக் கற்பித்துக்கொள்கிறேனோ என்னவோ.

மூத்த தோழர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "நீ செஞ்சது சரிதான். கொத்தனார்னு பேர் வாங்கிட்டு ஆள் நிக்கிற இடத்துல நின்னா ஒருத்தனும் கூப்பிட மாட்டான். இருக்கிற சித்தாள் வேலையும் போயிடும்" என்றார். அவர் அனுபவஸ்தர், சும்மா சொல்ல மாட்டார். ஆனால் காலையில் ஆள் எடுக்கும்போது எந்த மேஸ்திரி அட்டையை வாங்கிப் பார்க்கிறார்? அட்டையால் வேலை போகாது என்றால், அட்டையால் கூலி ஏறவும் போவதில்லை. இரண்டு பக்கமும் நானே வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

வேலையே செய்யாதவர்கள் அட்டை கேட்டு வருவதும் உண்டு. அவர்களுக்குச் சான்று கொடுத்தால் வாரியத்தின் பணம் உண்மையான தொழிலாளிக்குப் போய்ச் சேராது. அதனால்தான் கறாராக இருக்கப் பழகினோம், அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. ஆனால் இவர் பொய் சொல்லி வந்தவர் இல்லையே. கூலியைப் பற்றிக் கேட்காமல் "எங்கெங்கே பூசியிருக்கீங்க?" என்று கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டிருந்தாலும் கொத்தனார் என்று எழுதியிருப்பேனா என்றால், மகளின் கல்லூரிப் பணத்தை நினைத்துத் தயங்கியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

அடுத்த கூலிப் பேச்சுவார்த்தைக்கு ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்: கட்டுவேலை, பூச்சுவேலை செய்யும் நாளில் அதைச் செய்பவர் யாராக இருந்தாலும் கொத்தனார் கூலி. கிளைக் கூட்டத்தில் கொத்தனார்கள் கொதித்தார்கள். "பொம்பளையாளுங்களை வச்சுக் குறைஞ்ச கூலியில முடிச்சுட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றார்கள். குறைந்த கூலியில் இப்போதே அதுதானே நடக்கிறது, கூலி சமமானால்தானே உங்கள் வேலைக்கும் பாதுகாப்பு என்றேன். சிலர் ஒத்துக்கொண்டார்கள், சிலர் எழுந்து போய்விட்டார்கள்.

அந்த வரியை அக்காவிடமும் காட்டினேன். நிதானமாக எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"நாள்னு போட்டிருக்கீங்களே அண்ணே. காலையில சட்டி தூக்குறேன், மத்தியானத்துக்கு மேலதான் பூசுறேன். எனக்கு எந்தக் கூலி?"

அரை நாள் கணக்கு என்று எழுதினால் மேஸ்திரி அதை ஒரு மணி நேரம் என்பார். வேலை செய்த சதுர அடிக்கு என்று எழுதினால் யார் அளப்பது? பேச்சுவார்த்தை அடுத்த மாதம். அந்த வரியை எப்படித் திருத்துவது என்று இன்னும் பிடிபடவில்லை. இந்தத் தடவை கூலிக் குழுவில் அக்காவும் உட்கார வேண்டும் என்று மட்டும் கிளையில் கேட்டிருக்கிறேன்.