டர்போ இல்லாமல்: கொட்டகைக் குறிப்புகள்

பிப்ரவரி 18

பழைய டொயோட்டா 4ஏ-ஜிஇ எஞ்சினின் பிளாக், போரிங் (சிலிண்டர் துளையைக் கடைந்து அகலமாக்குவது) முடிந்து வந்துவிட்டது. துளையின் விட்டம் இப்போது 81.5 மி.மீ. நான்கு சிலிண்டரையும் மேல், நடு, அடி என்று குறுக்கும் நெடுக்குமாக அளந்தேன். எங்கேயும் 0.01 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இல்லை. போரிங் போட்ட பெரியவருக்குப் பேச்சு குறைவு, வேலை சுத்தம். 1587 சி.சி.யாக இருந்தது இப்போது 1607. இந்த இருபது சி.சி.க்காக யாரும் மாலை போடப்போவதில்லை. தேய்ந்த சுவரைச் சீர்செய்யப் போனதில் வந்த உபரி அது.

சிலிண்டர் ஹெட் (பிளாக்குக்கு மேலே உட்காரும், வால்வுகள் இருக்கும் பகுதி) வேறொரு பட்டறையில் இருக்கிறது. "நாளைக்கு" என்கிறார்கள்.

பிப்ரவரி 19

வரவில்லை.

பிப்ரவரி 22

மச்சான் வந்திருந்தார். வழக்கமான கேள்விதான். "இவ்வளவு பாடுபடுவதற்கு ஒரு டர்போவை மாட்டிவிட்டால் முடிந்தது, மாப்பிள்ளை!" முடிந்துவிடும், உண்மைதான். எனக்கு அது வேண்டாம் என்பதை இவருக்கு எப்படிச் சொல்வது?

டர்போ காற்றை அமுக்கித் திணிக்கும். இங்கே வளிமண்டலம் தருகிற காற்றுதான் மூலதனம். லிட்டருக்கு இவ்வளவு முறுக்குவிசை என்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதை அதிகம் தாண்ட முடியாது. ஆகவே குதிரைத்திறன் வேண்டுமென்றால் அதே முறுக்குவிசையை இன்னும் வேகமான சுழற்சியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 7500 சுற்றிலிருந்து 8500-க்குப் போனால் சுழற்சி கூடுவது 13 சதவீதம்தான். பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடை இழுக்கும் விசையோ 28 சதவீதம் கூடுகிறது, வர்க்கத்தில் ஏறுவதால். செலவெல்லாம் அங்கேதான் போகிறது.

1983-இல் டொயோட்டாவின் கொரோலா லெவின், ஸ்ப்ரின்ட்டர் ட்ரூயெனோ கார்களில் 130 குதிரைத்திறன் என்று அறிவித்து வந்த எஞ்சின் இது. இதே 4ஏ-ஜிஇ, ஃபார்முலா அட்லாண்டிக் பந்தயக் கார்களில் டர்போ இல்லாமலே சுமார் 240 குதிரைத்திறன் கொடுத்தது. எனக்கு 240 வேண்டாம். அந்தப் பாதையில் கொஞ்ச தூரம் போதும்.

மச்சான் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மார்ச் 3

தம்பி ராடுகளை எடை போட்டு வைத்திருக்கிறான். நல்ல பிள்ளை, ஒரு கிராமுக்குள் கொண்டுவந்துவிட்டான். ஏழு விலா பிளாக் (வெளிச்சுவரில் ஏழு வலுவூட்டும் விலா உள்ளது) என்பதால் ராடு ஜர்னல், அதாவது ராடு பற்றும் கிராங்க் கழுத்து, 42 மி.மீ., பிஸ்டன் பின் 20 மி.மீ. பழைய மூன்று விலா பிளாக்கில் 40-உம் 18-உம். அந்த இரண்டு மில்லிமீட்டர்தான் இரவில் என்னைத் தூங்க வைக்கிறது.

கொட்டகையை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம். யார் சொன்னது, ஏன் என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை.

மார்ச் 9

ஹெட் வந்துவிட்டது!

மார்ச் 10

எரியறைகளின் கொள்ளளவை அளந்தேன். ஹெட்டைக் கவிழ்த்து, ஓரம் முழுக்க கிரீஸ் தடவி, துளையிட்ட அக்ரிலிக் தகட்டை ஒட்டி, பியூரெட்டிலிருந்து நீலச் சாயம் கலந்த ஸ்பிரிட்டை விட்டேன். கடைசிக் குமிழி தகட்டின் அடியில் ஓடி ஒளிந்துகொள்ளும். ஹெட்டைச் சாய்த்துச் சாய்த்து அதைத் துளைக்கு அழைத்து வர வேண்டும். குமிழி வெளியேறும்வரை மூச்சைக்கூட மெல்லத்தான் விட்டேன்.

சி.சி.யில்: 37.4. 37.4. 38.0. 37.4.

மூன்றாவது. மறுபடி ஊற்றிப் பார்த்தேன், அதே 38.0.

மார்ச் 11

மூன்றாவது.

மார்ச் 12

காரணம் தெரிந்துவிட்டது. மூன்றாவதில் வால்வு சீட்டை (வால்வு உட்காரும் வளையத்தை) ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். இன்டேக் வால்வுகள் (காற்றை உள்ளே விடுபவை) இரண்டும் ஏறக்குறைய 0.3 மி.மீ. உள்ளே போயிருக்கின்றன. பட்டறையில் கேட்டால் "ஓட்டும்போது தெரியாது சார்" என்கிறார்கள். தெரியாதுதான். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டதே!

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள கேஸ்கட் தகடு சேர்ப்பது 4.2 சி.சி.; பிஸ்டனின் குவிந்த தலை எடுத்துக்கொள்வது 3.3. மொத்தம் 38.3, அதாவது அமுக்க விகிதம் (கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) 11.5. மூன்றாவதில் மட்டும் 38.9, அங்கே 11.3. நான்கு பேரும் ஒரே சுருதியில் பாட வேண்டிய இடத்தில் ஒருவர் இறங்கிப் பாடுகிறார். இக்னிஷன் நேரத்தை யாருக்காக வைப்பது? மூன்றாவதுக்கு வைத்தால் மற்ற மூன்றும் நாக் அடிக்கும், அதாவது கலவை தானாகவே வெடித்துத் தட்டும். மற்றவற்றுக்கு வைத்தால் மூன்றாவது சோம்பேறி.

0.8-க்குப் பதில் 1.2 மி.மீ. கேஸ்கட் போடச் சொல்கிறான் தம்பி. விகிதம் 11-க்கு அருகே இறங்கும், பெட்ரோலுக்கும் நல்லது என்கிறான். இறங்கும். ஆனால் பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அந்த மெல்லிய இடைவெளியும் கூடிவிடும். அந்த நெருக்கம்தான் கலவையைப் பிதுக்கி எரியறைக்குள் சுழற்றிவிடுகிறது, அந்தத் தட்டலைத் தடுப்பதும் அதுதான். தட்டலுக்குப் பயந்து விகிதத்தைக் குறைக்கப் போய், தட்டலைத் தடுக்கும் காவல்காரனையும் அனுப்பிவிடுவதா? போதாததற்கு கேம் (வால்வைத் திறக்கும் தண்டு) டைமிங்கும் நகரும். ஹெட் உயர்ந்தால் பெல்ட்டுக்கு அது தெரியும்.

உலோகத்தைச் சேர்க்க முடியாது, சுரண்டத்தான் முடியும். ஆக மற்ற மூன்றையும் 38.0-க்குக் கொண்டுவருவதுதான் வழி. வால்வைச் சுற்றி மறைக்கும் விளிம்பைக் கொஞ்சம் திறந்துவிட்டால் காற்றோட்டத்துக்கும் லாபம். அமுக்க விகிதம் 11.3, நால்வருக்கும்.

மார்ச் 13

தூக்கம் வந்தது.

மார்ச் 17

நான்கிலும் 38.0. பியூரெட்டைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. இனி இந்த எண்ணை எழுத மாட்டேன்.

மார்ச் 23

பிஸ்டன் தலையில் களிமண் துண்டுகளை வைத்து, லேசாக எண்ணெய் தடவி, ஹெட்டைப் பூட்டி, கேமைப் போட்டு, கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றினேன். பிரித்தபோது களிமண்ணில் வால்வின் வட்டம் நாணயம் அழுத்தியதுபோலப் பதிந்திருந்தது. பிளேடால் குறுக்கே வெட்டி, மெலிந்த இடத்தை அளந்தேன். இன்டேக் 1.6 மி.மீ., எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் பக்கம்) 2.2. பிஸ்டன் உச்சியைத் தாண்டிப் பத்து டிகிரி இறங்கும் இடத்தில் இன்டேக் வால்வு அதைத் துரத்துகிறது. ஏறும் பிஸ்டன் எக்ஸாஸ்ட் வால்வைத் துரத்துகிறது, அதனால் அங்கே கூடுதல் இடம் வேண்டும்.

மூன்றாவதில் இன்டேக் 1.9. வால்வு உள்ளே போனதில் கிடைத்த வரம். நன்றி சொல்ல மனமில்லை.

தொழிற்சாலையிலிருந்து வந்த அமைப்பில் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது. வால்வை நீண்ட நேரம் திறந்து வைக்கும் 288 டிகிரி கேமும் இந்தப் பிஸ்டனும் போட்ட பிறகு அந்தக் கருணை இல்லை. புது பெல்ட், புது டென்ஷனர். பேரம் கிடையாது.

மார்ச் 24

எக்ஸாஸ்ட் பைப் ஸ்டியரிங் கம்பியில் இடிக்கிறது. இன்றைக்கு யாரோடும் பேசப்போவதில்லை.

மார்ச் 30

ஷிம் (கேமுக்கும் வால்வுக்கும் இடையே இடைவெளியைச் சரிசெய்யும் சிறு வில்லை) மாற்றும் நாள். மூன்றாவதற்கு மட்டும் மெல்லிய ஷிம் தேவைப்படுகிறது. அலுத்துவிட்டது.

கொட்டகைக்கு இன்னும் ஒரு வாரம் தவணை கிடைத்தது.

ஏப்ரல் 5

ஹெட்டின் முகத்தைச் சீவியதால் இரண்டு கேமும் பின்தங்கி நிற்கின்றன. இன்டேக் வால்வு முழுதாகத் திறக்கும் புள்ளி பிஸ்டன் உச்சிக்கு 113 டிகிரி பின்னால் இருந்தது, புல்லியைத் தளர்த்தி 109-க்குக் கொண்டுவந்தேன். டிகிரி வட்டுக்கு முன்னால் குனிந்து குனிந்து முதுகு போய்விட்டது. மச்சான் எட்டிப் பார்த்தார். டர்போ பேச்சே எடுக்கவில்லை. டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார், நன்றாகவே பிடித்தார்.

ஏப்ரல் 8

பிளக் நான்கையும் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் ஓட்டினோம். எண்ணெய் அழுத்த ஊசி அசையவில்லை, அசையவில்லை, பிறகு சட்டென்று ஏறியது. தம்பி கத்தியே விட்டான்.

பெட்ரோல் பைப்பில் ஒரு கிளாம்ப் பாக்கி. அகலப்பட்டை லாம்டா சென்சாரும் (புகையை வைத்துக் கலவையை அளப்பது) மாட்ட வேண்டும், முழுச் சுமையில் காற்று-பெட்ரோல் விகிதம் 13-க்குச் சற்றுக் கீழே இருக்கிறதா என்று பார்க்க. ஓடத் தொடங்கியதும் ஐடிலில் விடக்கூடாது, நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேலேயே பிடிக்க வேண்டும், கேம் பழகும்வரை.

ஏப்ரல் 9

கிளாம்ப் அளவு சரியில்லை.

ஏப்ரல் 11

கொட்டகைப் பூட்டை மாற்றிவிட்டார்கள் என்று தம்பி போன் செய்தான். போய்ப் பார்க்கிறேன்.