செகண்ட் ஹேண்ட் சொகுசு செடான்: பேட்ஜைப் பார்க்கும் முன் கியர்பாக்ஸைப் பாருங்கள்

புது க்ரெட்டா வாங்கும் காசுக்கு, சில வருடம் ஓடிய ஆடி ஏ3 செடானோ பி.எம்.டபிள்யூ 320டியோ கைக்கு வந்துவிடும். வாங்குபவர்கள் எத்தனை கிலோமீட்டர், எத்தனை ஓனர், இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். கியர்பாக்ஸ் பற்றிக் கேட்டால் விற்பவர் "ஆட்டோமேட்டிக்தான் சார்" என்பார், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். உண்மையில் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். இந்த ரகக் கார்களில் இன்ஜினை விடப் பெரிய செலவு வைப்பது பெரும்பாலும் கியர்பாக்ஸ்தான்.

ஏ3 செடானையே எடுத்துக்கொள்வோம். 2014இல் இந்தியாவில் அறிமுகமானது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் 'எஸ் ட்ரானிக்' என்ற ஒரே பெயர். ஆனால் 1.8 பெட்ரோலில் இருப்பது டிக்யூ200: ஏழு கியர், உலர் கிளட்ச் இரண்டு. பின்னால் வந்த 1.4 பெட்ரோலிலும் அதேதான். 2.0 டீசலில் இருப்பது டிக்யூ250: ஆறு கியர், இரண்டு கிளட்சும் ஆயிலில் மூழ்கியவை. ஏழு கியர் என்பதால் பெட்ரோல் வண்டியில் இருப்பதுதான் மேலானது என்று நினைத்துவிடக் கூடாது. ஆயிலில் ஓடும் கிளட்சின் சூட்டை ஆயில் வாங்கிக்கொள்ளும். உலர் கிளட்சுக்கு அந்த வசதி கிடையாது. நெரிசலில் முதல் கியருக்கும் இரண்டாவதற்கும் நடுவே வண்டி ஊர்ந்துகொண்டே இருந்தால், கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே தேய்கிறது.

ஆகவே டிக்யூ200 உள்ள வண்டியைக் காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்துப் பயனில்லை. அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டி நன்றாகச் சூடான பிறகு, பிரேக்கை லேசாக விட்டு ஊர விடுங்கள். அடுத்து ஒரு சின்ன மேட்டில் ரிவர்ஸ் எடுங்கள். உதறலோ தயக்கமோ இருந்தால் எந்தெந்தக் கியரில் என்று குறித்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு கிளட்ச் 1, 3, 5, 7ஆம் கியர்களைப் பார்த்துக்கொள்கிறது. மற்றது 2, 4, 6ஐயும் ரிவர்ஸையும். இரண்டாவதிலும் ரிவர்ஸிலும் மட்டும் உதறினால் சந்தேகம் இரட்டைப்படைக் கிளட்சின் மேல். முதல் கியரில் கிளம்பும்போது மட்டும் உதறினால் மற்றதன் மேல். கிளட்ச் செட்டோடு தீர்ந்துவிட்டால் தப்பித்தோம். கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் யூனிட் போனால்தான் பில் லட்சத்தைத் தாண்டும். பிரஷரைச் சேமித்து வைக்கும் அக்யூமுலேட்டர் பொருந்தும் அலுமினிய உறையில் விரிசல் விழுவது இதன் பிரபலமான நோய். பிரஷர் நிற்காது, பம்ப் ஓயாமல் ஓடும், ஒரு கட்டத்தில் வண்டி கியரே எடுக்காது. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பி17பிஎஃப் என்ற பழுதுக் குறியீடு (கோட்) வந்தால் அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்த டிக்யூ200 கியர் பெட்டியின் டார்க் (இன்ஜினின் சுழற்று விசை) வரம்பு 250 என்எம். ஸ்கோடா சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐயில் இது அப்பட்டமாகத் தெரியும். 2016இல் இந்தியாவுக்கு வந்த மாடலில் இன்ஜின் ஒன்றே, பவரும் அதே 180 பிஎஸ். மேனுவலில் டார்க் 320 என்எம், டிஎஸ்ஜி எனும் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கில் 250. பெட்டி தாங்காது என்பதால் இன்ஜினை அடக்கி வைத்திருக்கிறார்கள். ஆட்டோமேட்டிக்குக் கூடுதல் விலை கொடுத்தவருக்குக் குறைந்த டார்க்.

டிக்யூ250 இவ்வளவு படுத்தாது. 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

320டி வேறு உலகம். 2012 முதல் வந்த எஃப்30 மாடலில் இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் பெட்டி, டார்க் கன்வர்ட்டர் வகை. ஊர்ந்து போகும்போது தேய்வதற்குக் கிளட்ச் இல்லை, கன்வர்ட்டருக்குள் ஆயில்தான் சுழல்கிறது. டீசலின் 380 என்எம் இதற்குப் பெரிய சுமையே இல்லை. நெரிசலில் தினமும் ஓட்டப் போகிறவருக்கு என் பரிந்துரை தயங்காமல் இதுதான். ஆனால் 'ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்' என்ற பேச்சை நம்ப வேண்டாம். பெட்டியைச் செய்த இசட்எஃப்பே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் பிளாஸ்டிக் ஆயில் பேனோடு (அடியில் ஆயில் தங்கும் தட்டோடு) சேர்ந்தே வருவதால் பேனையும் மாற்ற வேண்டும்.

அந்த வேலையில் சொதப்புவது ஆயில் அளவில்தான். இதில் டிப்ஸ்டிக் கிடையாது. வண்டியைச் சமமாகத் தூக்கி, பழைய ஆயிலை வடிக்கும் முன்பே நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். வடித்த பிறகு அது கழலாமல் போனால் வண்டி லிஃப்டிலேயே கிடக்கும். பேனை மாற்றி, நிரப்பும் துளையில் வழியும் வரை ஊற்றி, இன்ஜினை ஓட விட்டு, பிரேக்கை அழுத்தியபடி எல்லாக் கியரையும் ஒரு சுற்றுப் போட்டு வர வேண்டும். ஸ்கேனரில் ஆயில் சூடு 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கையிலேயே, துளையில் மெல்லிய இழையாக வழிந்தால் அளவு சரி. இதைக் கொதிக்கும் பெட்டியில் பார்த்தால் விரிந்த ஆயில் கூடுதலாக வழிந்து அளவு குறைந்துவிடும். மெக்கானிக் ஸ்கேனர் இல்லாமல் இந்த வேலையில் கை வைக்கிறார் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பி.எம்.டபிள்யூ என்றாலே டார்க் கன்வர்ட்டர் என்றும் எண்ண வேண்டாம். முந்தைய தலைமுறை 2 சீரிஸ் கிராண்ட் கூப்பேயில் 220டி டீசலுக்கு எட்டு கியர் டார்க் கன்வர்ட்டர், 220ஐ பெட்ரோலுக்கு ஏழு கியர் டூயல் கிளட்ச். இரண்டையும் 'ஸ்டெப்ட்ரானிக்' என்றே அழைத்தார்கள். பழைய ஆடி ஏ4இல் வந்த மல்டிட்ரானிக், சிவிடி (படிப்படியான கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக்) வகை. விலை எவ்வளவு இறங்கி வந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மேனுவல்தான் வேண்டும் என்பவருக்கு இந்திய சந்தையில் வழி குறுகல். சூப்பர்ப் 1.8 மேனுவல் அபூர்வமாக வரும், வந்தால் போய்ப் பாருங்கள். ஆக்டேவியா 2.0 டீசல் மேனுவல் இன்னொரு நல்ல தேர்வு. நான்காவது கியரில் மணிக்கு 50 கிலோமீட்டரில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. நின்றபடி ஓடும்போது வரும் கடகட சத்தம் கிளட்சை மிதித்ததும் மாறினால், டூயல் மாஸ் ஃப்ளைவீலையும் (இன்ஜின் அதிர்வை உறிஞ்சும் சக்கரம்) இறக்கிப் பார்க்க வேண்டும். கிளட்ச் பிளேட் மட்டும் போட்டுவிட்டு ஆடிப்போன ஃப்ளைவீலை அப்படியே விட்டால், சில மாதங்களில் மறுபடி கியர்பாக்ஸை இறக்கும் கூலி தண்டம்.

எந்த வண்டியானாலும் பார்க்கப் போகும் நாளில் இன்ஜினை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் ஒருமுறை, சூடானபின் ஒருமுறை ஓட்டுங்கள். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் ஸ்கேனர் போடுங்கள். அழித்து வைத்த பழுதுக் குறியீடுகள் பல, ஓட்டி முடித்ததும் திரும்பி வந்திருக்கும்.